ராம் விலை ஏறிடுச்சு, சரி... அதுக்காக எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்கலாமா?

ரிச்சி தெருவில் புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய ஒரு கொட்டேஷன் வாங்கினால், அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். புராசஸருக்கு முழுப் பெயர் இருக்கும், கடைசி எழுத்து வரை. கிராபிக்ஸ் கார்டுக்கு கம்பெனி, மாடல், எத்தனை ஃபேன் என்பது உட்பட எல்லாம் இருக்கும். ராம் எத்தனை ஜிபி, என்ன ஸ்பீடு என்றும் இருக்கும். அப்படியே கீழே வந்தால் பெரும்பாலும் இப்படி ஒரு வரி: "எஸ்எம்பிஎஸ் 450 வாட்." என்ன பிராண்டு, என்ன மாடல், எத்தனை வருஷம் வாரன்ட்டி? ஒன்றும் இருக்காது.

பெயரே இல்லாத அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏன் இப்போது? ராம் விலை ஏறியதால், பட்ஜெட்டில் இடிக்கும்போது எல்லாரும் முதலில் கை வைப்பது அந்த வரியில்தான். பொத்தேரி, கூடுவாஞ்சேரி, தாம்பரம் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு முதல்முறையாக சிஸ்டம் அசெம்பிள் செய்கிறவர்கள் கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான் என்பது என் கருத்து.

ராம் ஏன் இப்படி ஏறியது?

உலகத்தின் ராம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு எச்பிஎம் என்ற வேறு வகை மெமரி வேண்டும். அதே அளவு ஜிபிக்கு எச்பிஎம் தயாரிக்க, டிடிஆர்5-ஐவிட சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் செலவாகிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. லாபமும் அதில்தான் அதிகம். அப்புறம் நம்ம டெஸ்க்டாப் ராமுக்கு யார் ஆலையை ஒதுக்குவார்கள்? 2025 இறுதியில் டிடிஆர்5 விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கானது, சில கிட்களுக்கு அதற்கும் மேலே போனது. டிடிஆர்4-ம் கூடவே ஏறியது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், 'குருஷியல்' என்ற பெயரில் சில்லறையில் விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நம்ம ஊரில் பட்ஜெட் சிஸ்டம் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று.

("குஜராத் சானந்துல மைக்ரான் ஆலை வருதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: அது சிப்களைப் பேக் செய்து டெஸ்ட் செய்யும் ஆலை. வேஃபர் அங்கே உருவாவதில்லை.)

போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டும் முடிந்தது. பழைய சிஸ்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் புதுசு வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

பட்ஜெட் என்னவோ அதேதான். ராமுக்குக் கூடுதலாகப் போன பணம் வேறு எதிலிருந்தாவது வர வேண்டும். புராசஸரைக் குறைத்தால் நண்பர்கள் கேட்பார்கள். கிராபிக்ஸ் கார்டைக் குறைத்தால் கேமில் தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைத்தால்? வாங்கிய அன்று ஒன்றுமே தெரியாது. கணினி ஆன் ஆகும், லைட் எரியும், எல்லாம் சரியாகவே இருக்கும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. புராசஸர் விலையை நாம் கவுன்ட்டரில் நின்றபடியே போனில் நான்கு தளங்களில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதில் அவருக்கு என்ன நிற்கும்? ஒப்பிட முடியாத இடத்தில்தான் லாபம் எடுக்க முடியும். பெயரில்லாத எஸ்எம்பிஎஸ், பெயரில்லாத கேபினட் எல்லாம் கொட்டேஷனுக்குள் வருவது இந்த வழியாகத்தான். நாம் கேட்கவில்லை, அவர் எழுதவில்லை.

லேப்டாப் தலைமுறைக்கு மின்சாரம் தெரியாது

இப்போது 20-களில் இருக்கும் நம்மில் நிறைய பேர் கணினி என்று முதலில் தொட்டதே லேப்டாப்தான். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. பிளஸ் 2-வில் அதை வாங்கியவர்கள்தான் இன்று மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்கும் ஓஎம்ஆருக்கும் வேலைக்குப் போகிறார்கள். லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் அது பாட்டுக்கு ஓடும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் அந்த அடியை வாங்குவது வெளியே இருக்கும் சார்ஜர். அது போனால் சார்ஜரை மட்டும் மாற்றினால் போதும். ஆக, வீட்டு மின்சாரம் எப்படி இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே நமக்கு வந்ததில்லை.

டெஸ்க்டாப்பில் அந்தத் திரை இல்லை. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டுக்கும், 60 ஆயிரம், 80 ஆயிரம் கொடுத்து வாங்கிய பாகங்களுக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு இரும்புப் பெட்டி மட்டும்தான். அது செத்தால் சில சமயம் தனியாகச் சாகும். சில சமயம் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வோல்டேஜ் எல்லை மீறினால், லோடு அதிகமானால், ஷார்ட் ஆனால் உடனே தானாக அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுற்றுகள் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும். மலிவானதில் முதலில் மிச்சம் பிடிப்பதே அவற்றில்தான்.

நாம் பார்ட்ஸ் லிஸ்ட் எடுப்பது எங்கிருந்து? பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய யூடியூப் சேனல்களில் இருந்து. அவர்கள் சோதிப்பது ஏசி அறையில். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் '80 பிளஸ்' முத்திரைக்கான சோதனையும் சுமார் 23 டிகிரியில் நடப்பதுதான். மே மாதம் பொத்தேரியில், ஏசி இல்லாத மாடி அறையில் மதியம் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அறை 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் புராசஸர் 70 டிகிரியில் ஓடியது என்றால் உங்கள் அறையில் 80-ஐத் தாண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஆக அதே பெட்டி அங்கே ஓடும் வருஷம் வேறு, இங்கே ஓடும் வருஷம் வேறு.

அந்த '80 பிளஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. வெண்கலம், தங்கம் என்று இருப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான தரவரிசை மட்டுமே. உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, கெப்பாசிட்டர் நல்லதா என்பதை அது சொல்லாது. தங்க முத்திரை ஒட்டிய சுமாரான பெட்டியும் உண்டு, வெண்கலத்தில் நல்ல பெட்டியும் உண்டு.

லேபிளை எப்படிப் படிப்பது?

இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். இன்றைய புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை எடுப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட் லைனில் இருந்து. அந்த 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்குங்கள், வரும் வாட்தான் நிஜம். வெளியே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்துவிட்டு, உள்ளே 12 வோல்ட்டுக்கு 16 ஆம்ப் என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 192 வாட். 36 ஆம்ப் என்றால் 432. வெளியே இரண்டும் '450 வாட்'தான்!

"எங்க வீட்டுல பழைய சிஸ்டம் பத்து வருஷமா லோக்கல் எஸ்எம்பிஎஸ்லதான் ஓடுது" என்று சொல்பவர்கள் உண்டு. பொய் இல்லை, அந்த சிஸ்டம் குடித்த மின்சாரம் அவ்வளவுதான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய ஆபீஸ் கணினி, 192 வாட் தாராளமாகப் போதும். அதே பெட்டியை இன்றைய கார்டோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் பிரச்சினை.

அதே அட்டவணையில் 'இன்புட்' என்ற வரியும் முக்கியம். 100-240 வோல்ட் என்று இருக்கிறதா, 200-240 என்று இருக்கிறதா? கோடையில் இரவு ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் 190-க்கு இறங்கும் இடங்கள் புறநகரில் இருக்கின்றன. லைட் மங்கும், ஃபேன் சுற்று குறையும். அப்போது 200-240 பெட்டி தன் எல்லைக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. திடீர் ரீஸ்டார்ட் வந்தால் நாம் விண்டோஸைத் திட்டுவோம், ராமைக் கழற்றி மாட்டுவோம். காரணம் சுவரில் இருக்கும்.

இது தவிர பி.ஐ.எஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். எத்தனை டிகிரி வெப்பம் வரை முழு வாட் தரும் என்பதைக் கம்பெனியின் தளத்தில் பாருங்கள். 40 என்றும் இருக்கும், 50 என்றும் இருக்கும். நம்ம ஊருக்கு 50.

எவ்வளவு வாட் வேண்டும் என்பதில் பயப்படவே தேவையில்லை. ஆறு கோர் ரைசன் 5 ஒன்று முழு வேகத்தில் சுமார் 88 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 50. மொத்தம் 283. ஒரு நல்ல 550 வாட் பெட்டி இதற்குப் போதும். 850 வாங்கச் சொல்பவர் உங்கள் பணத்தைச் செலவழிக்கிறார். தனி கார்டு இல்லை என்றால் நல்ல 450 வாட்டே அதிகம்.

சரி, ராமுக்கான பணம் எங்கிருந்து வரும்?

என் பதில்: கிராபிக்ஸ் கார்டில் இருந்து. அதைக் குறைக்கச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறேன். கோடிங், எடிட்டிங் கற்றுக்கொள்வது, ஆபீஸ் வேலை, கொஞ்சம் கேம் என்பவர்களுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் புராசஸர் போதும். 2024 ஜனவரி இறுதியில் வந்த ரைசன் 5 8600ஜி இந்த வகை. அதன் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆகவே கார்டையும், தேவைப்பட்டால் அடுத்த புராசஸரையும், அதே போர்டில் பிற்பாடு மாட்டலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இப்போதே 550-ஆக வாங்கிவிடுங்கள். மெஷின் லேர்னிங் பிராஜெக்ட்டுக்கு என்விடியா கார்டு கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கார்டை வைத்துக்கொண்டு, கண்ணாடி கேபினட், கலர் லைட் ஃபேன், வாட்டர் கூலர் எல்லாவற்றையும் தூக்கிவிடலாம். ஆர்ஜிபி லைட்டால் எஃப்பிஎஸ் கூடாது, நமக்கும் தெரியும். இருந்தும் வாங்குகிறோம்.

ராமை எப்படி வாங்குவது? உள் கிராபிக்ஸில் கேம் ஆடப்போகிறீர்கள் என்றால் இரண்டு 8 ஜிபி. அங்கே இரண்டு சேனலும் ஓடுவது வேகத்தில் நன்றாகவே தெரியும். மற்றவர்கள் ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கி, அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடலாம். விலை இறங்கும்போது இன்னொன்று.

செகண்ட் ஹேண்ட் பற்றி எனக்குக் கொஞ்சம் உறுதியான கருத்து உண்டு. ராமும் புராசஸரும் பழையதாக வாங்கலாம். டிடிஆர்4 ராம், ரைசன் 5 5600ஜி போன்றவை இன்னும் பல வருஷம் ஓடும். ராமை மாட்டியதும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேல்தட்டு டெஸ்க்டாப் புராசஸர்களில் மட்டும் கவனம் வேண்டும். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு அவை தங்களையே கெடுத்துக்கொண்டதை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, புது மைக்ரோகோடும் 2 வருஷம் கூடுதல் வாரன்ட்டியும் தந்தது. முந்தைய ஓனர் பயாஸ் அப்டேட் செய்தாரா என்பது நமக்கு எப்படித் தெரியும்? பழைய எஸ்எம்பிஎஸ் மட்டும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பொத்தேரியில் ரயில் ஏறி கிண்டியில் இறங்கி, மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையம் வரை போனால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். நேரில் போவதில் ஒரு லாபம், லேபிளை கையில் எடுத்துப் பார்க்கலாம். "அண்ணா, எஸ்எம்பிஎஸ் மாடல் பேரை எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். "பில் வேணுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், வேணும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும். ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 வருஷம், 7 வருஷம் எல்லாம் வாரன்ட்டி வருகிறது. சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாவிட்டால் அத்தனை வருஷமும் வெறும் பேச்சு. (திரும்பும்போது மாலை ஆறு மணி லோக்கலில் கேபினட்டோடு ஏறும் சாகசம் வேண்டாம். கேபினட்டை மட்டும் ஆன்லைனில் போட்டுவிடலாம்.)

வாடகை வீட்டின் மூன்றாவது ஓட்டை

சிஸ்டம் வந்தபின் கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. மிகக் குறைந்த அளவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலையே. சுவரில் எர்த் இணைப்பு இல்லை என்றால் அது போக வழியில்லாமல் கேபினட் உடம்பிலேயே நிற்கும், கிட்டத்தட்ட 115 வோல்ட்டில். ஆம்ப் மிகக் குறைவு என்பதால் 'சுர்'ரோடு நிற்கிறது. உள்ளே உண்மையாகவே ஏதாவது பழுதானால் அந்த எர்த்தான் உயிர் காக்கும், அப்போதும் அது இருக்காது.

பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் நிறைய. எலெக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. ஹவுஸ் ஓனரிடம் கம்ப்யூட்டருக்காக என்று கேட்டால் "அதெல்லாம் இத்தனை வருஷமா நல்லாத்தானே இருக்கு" என்பார். வாட்டர் ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதே எர்த்தான் என்று சொல்லிக் கேளுங்கள், காது கொடுப்பார்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும்: நார்மல், யுபிஎஸ். நார்மலில் மாறும் நேரம் அதிகம், சிஸ்டம் அணைந்து மீண்டும் ஆன் ஆகும். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் போன பிறகும் சுமார் 16 மில்லி செகண்டு தாங்கும். யுபிஎஸ் மோடில் பொதுவாக அதற்குள் மாறிவிடும்.

தனி யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் இருக்கும் விஏ எண்ணை வாட் என்று நினைத்துவிடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். உள் கிராபிக்ஸ் சிஸ்டத்துக்கு அது போதும், கார்டு மாட்டிய கேமிங் சிஸ்டத்துக்கு 1000 விஏ பக்கம் போக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் போகும் நாளில் யுபிஎஸ் உங்களைக் காப்பாற்றாது. சேவ் செய்துவிட்டு ஷட் டவுன் செய்யும் சில நிமிடங்களுக்குத்தான் அது.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் கேபினட்டையும் யுபிஎஸ்ஸையும் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். ஜிஎஸ்டி ரோடு தூசிக்கும் இதுவே நல்லது.

யுபிஎஸ் வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரவு முழுக்க சார்ஜ் ஆகட்டும். மறுநாள் திறந்திருக்கும் வேலையை எல்லாம் சேவ் செய்துவிட்டு, ஒரு கேமையோ வீடியோ எக்ஸ்போர்ட்டையோ ஓடவிட்டு, சுவரில் சுவிட்சை அணையுங்கள். விலை குறைந்த சில யுபிஎஸ்கள் பேட்டரியில் தரும் அலை வடிவம் சில எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துவராது, அந்த நொடியே அணைந்துவிடும். அப்படி அணைந்தால் கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது, பில்லும் கையில் இருக்கிறது.